பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்குக் கைகொடுப்பது எப்படி: அரையாண்டு லீவிலிருந்து முதல் செமஸ்டர் வரை

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் 512 மதிப்பெண் எடுத்த ஒரு பெண் இருந்தாள். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது அவளிடம் இருந்த சாதிச் சான்றிதழ், மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கையால் எழுதி வாங்கிய அட்டை. அதில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் வேறு மாதிரி. கடைசி இரண்டு எழுத்துதான் வித்தியாசம். திருத்தி, புதிதாக விண்ணப்பித்து, சான்றிதழ் கைக்கு வருவதற்குள் தரவரிசைப் பட்டியல் வெளியாகிவிட்டது. பொதுப் பிரிவில் நிற்க வேண்டியதாயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அந்த வருடத்திலிருந்து டிசம்பர் மாதம் பிறந்தால் என் மேஜையில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கும். பிள்ளைக்கு ஒரு பக்கம். நான் இயற்பியல் டீச்சர். ஆனால் அந்த நோட்டுக்குப் போகிற நேரம் ஒளியியல் பாடத்துக்குப் போகிற நேரத்தைவிட அதிகம். அந்த நோட்டில் இருப்பதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிற, வீட்டில் கல்லூரி வாசல் மிதித்தவர் யாரும் இல்லாத பிள்ளைக்கு உதவ நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், காலேஜ் முடித்த பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் கூட நின்றால் போதும்.

படி 1: டிசம்பரில் உட்கார்ந்து பேசுங்கள்

"என்னவாகப் போற?" என்று ஆரம்பிக்காதீர்கள். "டாக்டர்", "கலெக்டர்" என்று ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பதில்தான் வரும். நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். யாரும் சொல்லாமல் நீயாக எடுத்துப் படிக்கிற பாடம் எது? வெளியூரில் தங்கிப் படிக்க முடியுமா, வீட்டில் விடுவார்களா? வீட்டுக்கு உன் சம்பளம் எப்போது வேண்டும்: மூன்று வருடத்திலா, ஐந்து வருடம் பொறுப்பார்களா?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. அப்பா இல்லாத வீட்டில் மூத்த பையன் ஐந்து வருடச் சட்டப் படிப்புக்குப் போவதும் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே மேலே படிப்பதும் ஒன்றில்லை. இரண்டும் நல்ல வழிதான். எது என்று தெரிந்து போக வேண்டும்.

பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள். பிள்ளை பக்கத்தில் இருந்தால் இருவருமே உண்மையைச் சொல்லமாட்டார்கள். போன வருடம் ஓர் அம்மா வந்தார்.

"நர்சிங்ல சேத்துடலாம்னு இருக்கோம் மிஸ்."

"ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருதுன்னு சொல்றாளேம்மா?"

"அதெல்லாம் பழகிடும் மிஸ். எங்க நாத்தனார் பொண்ணு சேந்திருக்கா, துணைக்கு ஆள் இருக்கும்."

அந்த அம்மாவுக்கு நர்சிங் முக்கியமில்லை, துணைதான் முக்கியம். அது புரிந்ததும், பெண்கள் விடுதி உள்ள கல்லூரி, ஊரிலிருந்து நேராகப் பஸ் போகிற கல்லூரி என்று பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அந்தப் பெண் இப்போது பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள்.

படி 2: சான்றிதழ் வேலையைப் பிப்ரவரிக்குள் முடியுங்கள்

பொதுத் தேர்வு மார்ச்சில். அதற்குப் பிறகு ஏப்ரல், மே மாதங்களில் தாலுகா ஆபீஸ் பக்கம் கூட்டம் நெருக்கித் தள்ளும். அதனால் அரையாண்டு லீவிலேயே தொடங்கிவிடுங்கள்.

வேண்டியவை: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். நான்கையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாகப் போய்ப் பெரும்பாலும் தாசில்தார் அலுவலகத்தில் முடியும். எங்கே நிற்கிறது என்று ரசீது எண்ணை வைத்துப் பார்க்க முடியும். வாரம் ஒரு தடவை பாருங்கள். வி.ஏ.ஓ. நேரில் வரச் சொல்லி இருப்பார், அந்தத் தகவல் யார் போனுக்கோ போயிருக்கும்.

பெயர் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, அப்பா பெயர் எல்லாவற்றிலும் ஒன்றா, பிறந்த தேதி ஒன்றா. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதை அசலாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். மார்க் ஷீட்டைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே நீண்ட வேலை.

முதல் பட்டதாரிச் சலுகையைப் பற்றிப் பாதிப் பேருக்குத் தவறான எண்ணம். குடும்பத்தில் யாருமே பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அக்கா ஏற்கெனவே பட்டம் முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. கலந்தாய்வு மூலம் கிடைக்கிற இடத்துக்குத்தான் கல்விக் கட்டணச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. "சீட் நாங்க தர்றோம், முதல் பட்டதாரி பணமும் வாங்கித் தர்றோம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் உதவி பெறும் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைக்குச் சிக்கல் வரும். எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி என்று சரியாக இருக்கிறதா என்பதைத் தலைமையாசிரியர் அறையில் இப்போதே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளைக்கென்று ஓர் இ-மெயில், வீட்டில் எப்போதும் இருக்கிற ஒரு போன் நம்பர். பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்கு அந்தக் கடைக்காரர் நம்பரையே போட்டுவிடுவார்கள். ஜூலையில் ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். அவர் அன்றைக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருப்பார். கதையில்லை, நடந்தது.

படி 3: குரூப்பை வைத்து வழிகளை விரித்துப் போடுங்கள்

கணிதம் படித்தவர்களுக்கு முதலில் கட்-ஆஃப், அதாவது பொறியியல் தரவரிசைக்கான மார்க், கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். கணிதம் நூறுக்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைத்து ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200. அரையாண்டில் ஒரு பையன் கணிதம் 86, இயற்பியல் 78, வேதியியல் 81 என்றால் 86 + 39 + 40.5 = 165.5. இதை அவனே போட்டுப் பார்க்க வேண்டும். கணிதத்தில் ஐந்து மார்க் ஏறினால் கட்-ஆஃப் ஐந்து ஏறும். என் பாடத்தில் ஐந்து ஏறினால் இரண்டரைதான். இயற்பியல் டீச்சராக இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கே நஷ்டம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. பிளஸ் டூ மார்க்தான். மத்திய அரசின் பொறியியல் நிறுவனங்களில் என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் என்ற நுழைவுத் தேர்வு, ஐ.ஐ.டி.க்கு அதற்கு மேல் அட்வான்ஸ்டு. கட்டடக் கலைக்கு நாட்டா. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்துப் பிளஸ் டூ முடித்தவர் எந்த குரூப்பாக இருந்தாலும் அவர்கள் நடத்துகிற தகுதிச் சுற்றைத் தாண்டிச் சேரலாம். உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே இதையும் படிக்கிற பிள்ளைகள் உண்டு. வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் பெரிய சலுகையும் தருகிறார்கள்.

உயிரியல் குரூப் என்றால் வீட்டில் ஒரே சொல்தான்: நீட். எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா போன்ற படிப்புகளுக்கு அது கட்டாயம். ஆனால் பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம். முதலிய படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கை நடக்கிறது. கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கேட்பதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் பிளஸ் டூ மார்க்தான். இவற்றில் பலவற்றுக்குத் தனித்தனி விண்ணப்பம். "நீட் வரல, அவ்வளவுதான்" என்று மே மாதம் படுத்துவிடுகிற பிள்ளை, இந்த விண்ணப்பங்களின் கடைசித் தேதி போவதைக்கூடக் கவனிப்பதில்லை.

வணிகவியல், கலைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஊரில் யாரும் வழி சொல்வதில்லை. எல்லாரும் இன்ஜினியரிங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். பி.காம். சேர்வதோடு கூடவே சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்யலாம். சட்டத்துக்கு எந்த குரூப்பும் தடையில்லை: ஐந்தாண்டுப் படிப்புக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்கில் சேர்க்கிறது, திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு, 2022 முதல். தரமணி ஓட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம், ஃபேஷன் படிப்புக்கான நிஃப்ட் இவற்றுக்குத் தனித் தேர்வுகள்.

தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனித் தரவரிசை இருக்கிறது. அறிவியல் அல்லது தொழிற்பிரிவு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதை முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ.யை யாரும் ஏளனமாகப் பேச விடாதீர்கள். எங்கள் தெருவில் ஃபிட்டர் முடித்த பையன்தான் வீடு கட்டியிருக்கிறான்.

படி 4: தேதிகளைச் சுவரில் எழுதுங்கள்

நம் பிள்ளைகள் தோற்பது தேர்வில் அதிகமில்லை, கடைசித் தேதியில்தான். வருடா வருடம் நாள் சற்று முன்பின் ஆகும். மாதம் பெரும்பாலும் மாறாது. கிளாட் டிசம்பரில் நடந்துவிடும், அதனால் விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஜே.இ.இ. மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும். நீட், கியூட் விண்ணப்பம் பொதுத் தேர்வுப் பரபரப்புக்குச் சற்று முன்போ நடுவிலோ வரும். நீட் தேர்வு மே மாதம் முதல் ஞாயிறையொட்டி. ராணுவ அதிகாரியாக விரும்புகிறவர்களுக்கு என்.டி.ஏ. தேர்வு வருடம் இரண்டு தடவை, ஏப்ரலிலும் செப்டம்பரிலும். 2021 முதல் பெண்களும் எழுதலாம். பொறியியல், வேளாண்மை, கால்நடை, அரசு கலைக் கல்லூரி எல்லாம் மே, ஜூனில் ஒன்றாக வந்து குவியும்.

பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் போதும். பிள்ளை சாப்பிட உட்காருகிற இடத்துக்கு எதிரே ஒட்டுங்கள்.

படி 5: காசுக் கணக்கு

கல்விக் கட்டணம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பஸ் கட்டணம், விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், லேப் கோட், டிராஃப்டர், "டெவலப்மென்ட்" என்ற பெயரில் ஒன்று, "பிளேஸ்மென்ட் டிரெயினிங்" என்ற பெயரில் இன்னொன்று. மொத்தத்தையும் ஒரு வருடத்துக்குக் கூட்டி, படிப்பு எத்தனை வருடமோ அத்தனையால் பெருக்கி, அந்த ஒரே எண்ணை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள். மாதத் தவணை பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

வரவுப் பக்கமும் எழுத வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பர் முதல். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து அதே தொகை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பணம் ஆதார் இணைந்த பேங்க் கணக்குக்குத்தான் வரும். கணக்கு பிள்ளை பெயரில் இருக்க வேண்டும். ஆதி திராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குப் பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. அதற்கும் வருமானச் சான்றிதழ் புதியதாக இருக்க வேண்டும், படி 2-ஐ மறுபடி பாருங்கள்.

கல்விக் கடன் நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை கேட்காமல் தர வேண்டும் என்பது பேங்குகளின் பொது விதி. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். இதைச் சொல்லாமல் "அப்புறம் கட்டிக்கலாம்" என்று கையெழுத்து வாங்குவது பாவம். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த எண்ணோடு கிளைக்குப் போனால் பேச்சு சுலபமாகும். நகையை அடகு வைத்துச் சேர்த்துவிட்டு ஆகஸ்டில் கடனுக்கு அலைவதைவிட ஜூனிலேயே கேட்பது நல்லது.

படி 6: ரிசல்ட் வந்த வாரம்

மே இரண்டாம் வாரத்தையொட்டி ரிசல்ட் வரும். மார்க் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்திருந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள். பார்த்துவிட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவெடுக்கலாம். நாட்கள் மிகக் குறைவாகத்தான் தருவார்கள்.

ஒரே விண்ணப்பத்தோடு நிற்கக் கூடாது. என் நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று வரி கட்டாயம்: ஆசைப்பட்டது, கிடைக்கக்கூடியது, கட்டாயம் கிடைப்பது. மூன்றாவது வரி பெரும்பாலும் பக்கத்து அரசு கலைக் கல்லூரி. அதற்கு விண்ணப்பக் கட்டணம் சொற்பம். நான்கு முக்கியப் பாடங்களின் மதிப்பெண்ணை நானூறுக்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுவார்கள். பி.ஏ. தமிழ், ஆங்கிலத்துக்கு மட்டும் அந்த மொழிப்பாட மார்க். பொறியியல் போகப் போகிறவன்கூட இதைப் போட்டு வைக்கட்டும். பொறியியல் கலந்தாய்வு முடிய ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். கலைக் கல்லூரிச் சேர்க்கை அதற்குள் முடிந்திருக்கும்.

படி 7: சாய்ஸ் ஃபில்லிங்

பொறியியல் கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று இணையத்தில் வரிசைப்படுத்திப் பதிகிற வேலை இது. இதில்தான் எனக்கு மிகுந்த ஆத்திரம் வரும். பன்னிரண்டு வருடம் படித்ததற்குப் பலனாக வருகிற மூன்று நாளை, பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வருவார்கள்.

விண்ணப்பம் சரிபார்க்கப்பட்டதும் தரவரிசை வரும். தரவரிசையை வைத்துச் சுற்று சுற்றாகக் கூப்பிடுவார்கள். உங்கள் சுற்றில் கல்லூரியையும் பிரிவையும் சேர்த்து வரிசையாகப் பதிய வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் பதியலாம். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து, உங்கள் முறை வரும்போது காலியாக இருக்கிற முதல் இடத்தைத் தரும். ஆகவே உண்மையாகவே எது அதிகம் பிடிக்குமோ அது மேலே. "இது எனக்குக் கிடைக்காது, மேலே போட்டால் வேஸ்ட்" என்பது தவறு. கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும், நஷ்டம் ஒன்றுமில்லை. கிடைத்தாலும் போகமாட்டேன் என்கிற கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

வீட்டில் பேப்பரில் எழுதிக்கொண்டு போங்கள். கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, இட ஒதுக்கீட்டு வகுப்பு வாரியாக இருக்கும். பிள்ளையின் கட்-ஆஃபுக்கு மேலே கொஞ்சம், கீழே நிறைய என்று எடுத்து வரிசைப்படுத்துங்கள். பெயரை நம்பாதீர்கள், கல்லூரியின் குறியீட்டு எண்ணை எழுதுங்கள். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு எண் 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4. இவற்றில் குழப்பம் வராது. ஆனால் ஒரே சாமி பெயரில், ஒரே தலைவர் பெயரில் மூன்று மாவட்டத்தில் கல்லூரி இருக்கும். என் மாணவன் ஒருவன் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிற கல்லூரி என்று நினைத்துப் பதிந்தது, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போகிற கல்லூரியாக இருந்தது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான் இருக்கும். கிடைத்ததை ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே இருப்பது காலியானால் அதற்கு நகர்வது, வேண்டாமென்று அடுத்த சுற்றுக்குப் போவது என்று தனித்தனி பொத்தான்கள். பெரும்பாலான பிள்ளைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் கைவிட்டுப் போகும். அந்த இரண்டு நாளில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகாதீர்கள்.

பிரிவா, கல்லூரியா? ஊரெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறது. என் கருத்து வேறு: ஆசிரியரும் ஆய்வகமும் இல்லாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதைவிட, பழைய அரசு அல்லது உதவி பெறும் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல், சிவில் படிப்பது மேல். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

படி 8: சேர்வதற்கு முன் ஒரு தடவை நேரில்

கல்லூரி இருக்கிற நாளில், சொல்லாமல் போங்கள். ஆபீஸுக்கு முதலில் போகாமல் கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு மூன்றாம் ஆண்டுப் பையன்களிடம் பேச்சுக் கொடுங்கள். "லேப்ல மிஷின் ஓடுதா? போன வருஷம் எத்தனை சார் வேலையை விட்டுப் போனாங்க? மெஸ்ல ராத்திரி என்ன?" அவர்கள் சொல்வது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் உத்தரவு. புரோக்கர்கள் முதலில் கேட்பதே டி.சி.யையும் மார்க் ஷீட்டையும்தான். அது போனால் பிள்ளை வேறெங்கும் சேர முடியாது. வெளிமாநில நர்சிங் கல்லூரி என்று ஆள் பிடிக்கிறவர்களிடம் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்: நர்சிங் கவுன்சில் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

படி 9: தேறாத பிள்ளை

ரிசல்ட் அன்று நான் முதலில் போன் செய்வது இந்தப் பிள்ளைகளுக்குத்தான். சென்டம் எடுத்தவர்களுக்குப் போன் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 104 அல்லது 14416.

அடுத்த நாள் வேலையைப் பாருங்கள். துணைத் தேர்வு ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் வந்துவிடும். அதில் தேறினால் வருடம் வீணாகாது. பொறியியலில் துணைக் கலந்தாய்வு என்றே தனியாக நடத்துகிறார்கள். அதற்கும் மனமில்லையென்றால் பத்தாம் வகுப்புத் தகுதியில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முதலாண்டு இரண்டும் திறந்திருக்கின்றன. தேறியும் எங்கும் சேராமல் இருக்கிற பிள்ளைகளை அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் 'உயர்வுக்குப் படி' முகாமுக்குக் கூட்டிப் போங்கள். கல்லூரிக்காரர்கள், பேங்க்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் கேட்கலாம்.

வேலைக்குத்தான் போக வேண்டும் என்றால் போகட்டும். 18 வயது ஆனதும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, காவலர் தேர்வு எழுதலாம், இரண்டுக்கும் பத்தாம் வகுப்பே போதும். பிளஸ் டூ தேறிவிட்டுக் கம்பெனி வேனில் ஏறிப் போகிற பையன் ஞாயிற்றுக்கிழமை தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. படிப்பதும் நடக்கிறது.

படி 10: சேர்ந்த பிறகு இரண்டு போன்

ஆகஸ்டில் ஒரு போன்: புதுமைப் பெண்ணோ தமிழ்ப் புதல்வனோ கல்லூரி மூலம் பதிந்தாயிற்றா, உதவித்தொகை விண்ணப்பம் போட்டாயிற்றா? கல்லூரி ஆபீஸில் கேட்கக் கூச்சப்பட்டே பல பிள்ளைகள் முதல் வருடப் பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

அக்டோபரில் இன்னொரு போன். முதல் இன்டர்னல் மார்க் வந்திருக்கும். பத்து வருடமாகத் தமிழ் வழியில் படித்த பிள்ளை, வகுப்பில் ஒரு வார்த்தை புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். முதலில் மார்க் கேட்காதீர்கள், மெஸ் சாப்பாடு கேளுங்கள். போன அக்டோபரில் நான் கூப்பிட்ட ஒருத்தி கால் மணி நேரம் சாம்பாரைத் திட்டிவிட்டு, பிறகுதான் சொன்னாள்: "மிஸ், தெர்மோடைனமிக்ஸ் அங்க நீங்க தமிழ்ல நடத்துனீங்கல்ல, அந்த நோட்டு எங்கிட்ட தொலைஞ்சிடுச்சு. உங்ககிட்ட இருக்கா?"

அன்று சாயந்திரம் நாற்பத்திரண்டு பக்கம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.